சின்னக்காவின் கரிக்கூடை

இம்மாதம் உங்களுடன் பகிர்ந்துகொள்ள எடுத்திருப்பது ஒரு கூடையின் கதை. ஓலையாலோ பிரம்பாலோ பின்னிய கூடை அல்ல. இரும்பு வலையால் செய்து, உள்ளே கரி போட்டு எரிக்கின்ற கூடை. பெண்கள் சஞ்சிகையில் இதற்கென்ன வேலை என்று நினைக்கும் வாசகிகள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கூடை வந்த பிறகு ஒரு மீனவக் கிராமத்தில் சில பெண்களுக்கு மாரிகாலமும் உழைக்கிற காலமாயிற்று. அதே கூடையால், என்னுடைய கவனக்குறைவும் சேர்ந்து, ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் ஓர் இரவில் சாவின் வாசல்வரை போய்வந்தார்கள்.

2023 ஆவணியில் என் சித்தியின் மகன் ரொறன்ரோவிலிருந்து ஐந்து கிழமை விடுமுறையில் யாழ்ப்பாணம் வந்திருந்தான். கோடை வந்துவிட்டால் அங்கே பின்வளவுகளில் பாபகியூ தொடங்கிவிடும். எங்கள் ஆட்களும் அதற்குப் பழகிவிட்டார்கள். தம்பிக்கு அது பழக்கத்தையும் தாண்டிப் பைத்தியமாகவே ஆகிவிட்டது. அவன் செய்வது நேரடி நெருப்பில் வாட்டுவது அல்ல. மூடிய இரும்புப் பரலுக்குள் மேலே தட்டில் இறைச்சியை வைத்து, கீழே கரியை மெல்ல எரியவிட்டு, அந்தச் சூட்டிலும் புகையிலும் எட்டுப் பத்து மணித்தியாலம் வேகவைப்பது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் மெல்லிய சூட்டில் இறைச்சி வேகவைப்பது பழைய வழக்கம். எண்ணெய் வந்த 55 கலன் பரலை வெட்டி அதற்கான புகைப்பானை வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். (அமெரிக்கக் கலன் சிறியது. நம்மூரில் நாங்கள் 45 கலன் பரல் என்று சொல்வதும் இதைத்தான்.) அந்தப் பரலுக்கு அவர்கள் இட்டிருக்கும் செல்லப்பெயர் 'அவலட்சணப் பரல்'.

இங்கேயும் ஒன்று செய்து ஆட்டுத்தொடை சுட்டுத் தருவதாகச் சொல்லித்தான் தம்பி வந்திறங்கினான். ஆனால் அந்த நேரம் பார்த்து நல்லூரில் கொடியேறிவிட்டது. சித்தி வீட்டில் கொடியேறினால் 25 நாளும் மச்சம் கிடையாது. சுடுவதற்கு ஒன்றும் இல்லாமல், பரலும் கையுமாக இருந்த மனிதன் என்ன செய்வான்? வெறுங்கரியை எரித்து வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு இரண்டு இரவு விழித்திருந்தான். சித்தி தலையில் அடித்துக்கொண்டா. நானும் சிரித்தேன். ஆனால் இரண்டாவது இரவு நானும் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்துவிட்டேன். அவன் சொன்னது அவ்வளவு சுவையாக இருந்தது.

"அக்கா, பரலை ஆரும் வெட்டலாம். கூடைதான் விசயம்" என்றான்.

கரியைப் பரலின் அடியில் நேரடியாகக் கொட்டினால் என்ன நடக்கும்? சாம்பல் விழுந்து கரியின் காலடியை மூடும். கீழிருந்து காற்று வராது. நெருப்பு அணையப் பார்க்கும். நாம் மூடியைத் திறந்து விசிறுவோம். உடனே எல்லாக் கரியும் ஒன்றாகப் பற்றிச் சூடு ஏறிவிடும். பிறகு தண்ணீர் தெளிப்போம். எங்கள் அடுப்படிகளில் பெண்கள் நாள் முழுக்கச் செய்வதும் இதைத்தான்: ஊதுவது, தள்ளுவது, இழுப்பது. கூடையில் கரி நிலத்திலிருந்து ஒரு சாண் அளவு உயரத்தில் நிற்கிறது. சாம்பல் கண்களுக்குள்ளால் கீழே உதிர்ந்துவிடும். காற்று அடியிலும் பக்கத்திலும் நுழையும். பரலின் அடிப்பக்கத்தில் இரண்டு சென்ரிமீற்றர் அகலத்தில் மூன்று துளைகள். அவற்றில் இரண்டை அடைத்து ஒன்றைத் திறந்துவிட்டால் நெருப்பு அந்த ஒரு துளையின் சொல் கேட்கும். கூடை நிறையக் குளிர்ந்த கரியைப் போட்டு, நடுவில் ஒரு கை அளவு தணலை மட்டும் வைத்தால், அது பக்கத்துக் கரிக்கு மெதுவாகப் பற்றிக்கொண்டு போகும். அமெரிக்காவில் இதை மினியன் முறை என்கிறார்கள். ஜிம் மினியன் என்பவர் போட்டிகளில் இப்படிச் செய்து காட்டியதால் வந்த பெயராம்.

தம்பி நித்திரையாகிவிட்டான். விடிய நாலு மணிக்கு வெப்பமானியைப் பார்த்தேன். இரவு பத்து மணிக்கு இருந்த அதே 110 பாகை. யாரும் விசிறவில்லை. யாரும் ஊதவில்லை.

எனக்கு அப்போது ஞாபகம் வந்தது ஆட்டுத்தொடை அல்ல, சின்னக்கா.

நான் வேலை செய்யும் பிரதேசம் முல்லைத்தீவுக் கரையோரம். அங்கே ஒரு கிராமத்தில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து கருவாட்டுத் தொழில் செய்கிறார்கள். பெரும்பாலும் பெண் தலைமைக் குடும்பங்கள். 2009 இல் கணவனை இழந்தவர்களும், கணவனுக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை அறியாதவர்களும் இருக்கிறார்கள். சின்னக்கா என்பது எல்லோரும் அவரைக் கூப்பிடும் பெயர். ஐம்பதைத் தாண்டியவர், சங்கத்தின் பொருளாளர், கணக்கில் ஐந்து சதம் பிசகாது. வெயில் காலத்தில் அவர்களுக்குத் தொழில் உண்டு. புரட்டாதி கழிந்து மழை தொடங்கினால் கஷ்டம் தொடங்கும். கடல் அமர்ந்த நாட்களில் வள்ளங்கள் போய் மீன் கொண்டுவரும். காயப்போட வெயில் இராது. ஒரு நாள் ஈரத்தில் கிடந்தால் பூஞ்சணம், இரண்டாம் நாள் புழு. இது தெரிந்துதான் வியாபாரிமாரும் மாரியில் விலை பேசுவார்கள். "எறியிற மீனுக்கு இந்தக் காசு வந்ததே புண்ணியம்" என்று ஒருவர் சின்னக்காவின் முகத்துக்கு நேரே சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

புகைபோட்டுப் பதப்படுத்துவது எங்கள் ஆட்களுக்குத் தெரியாத ஒன்றல்ல. வன்னியில் அடுப்புக்கு மேலே பரணில் வேட்டை இறைச்சி வத்தலாகக் கிடந்த காலம் உண்டு. மாசிக் கருவாடும் அவித்து, புகையூட்டி, பிறகு வெயிலில் காயவைத்ததுதான். ஆனால் வெறும் விறகுப் புகையில் மீனை வைத்து அவர்கள் ஏற்கெனவே ஒருமுறை முயன்று கைவிட்டிருந்தார்கள். நாலு மணித்தியாலம் ஒருத்தி பக்கத்திலேயே குந்தியிருக்க வேண்டும். கண் எரியும், இருமல் பிடிக்கும். கொஞ்சம் எழும்பிப் போனால் மீன் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் பச்சையாக இருக்கும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவர வேண்டியவளுக்கு இது எப்படிச் சரிவரும்?

ஆகவே ஐப்பசியில் நாங்கள் ஒரு பரல் வாங்கினோம். இங்கே ஒரு விடயத்தில் நான் கவனமாக இருந்தேன். இரசாயனமோ பூச்சிமருந்தோ வந்த பரல் வேண்டாம் என்று, தேங்காயெண்ணெய் வந்த பரலாகத் தேடி எடுத்தோம். வெளிப் பூச்சும் உள்ளே ஒட்டியதும் போக, மீன் வைக்கமுன் ஒருதரம் நிறைய விறகு போட்டு எரித்தோம். இரும்புக்குக் காடு கரம்பைகளில் தேடிப் போகக்கூடாது என்றும் சொன்னேன். அந்த மண்ணில் புதைந்திருப்பது என்னவென்று யாருக்கும் நிச்சயமில்லை. பழைய இரும்பு பொறுக்கப்போய்க் கை கால் இழந்தவர்களின் கதை அந்தக் கிராமத்தாருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கூடை விடயத்தில்தான் பிழைவிட்டேன். கடையில் பளபளவென்று ஒரு வலை இருந்தது. மலிவு. கையாலேயே வளைக்கலாம், வெல்டிங் கூலியும் மிச்சம். வாங்கிக்கொண்டுபோய் நாங்களே சுருட்டிக் கட்டுக்கம்பியால் கட்டிக் கூடையாக்கி விட்டோம். சங்கத்துப் பெண்கள் கைதட்டினார்கள். கரி பற்றிச் சிவந்தபோது வலையிலிருந்து வெள்ளையாக ஒரு புகை எழும்பியது. கரிப் புகை போலவும் இல்லை, மட்டைப் புகை போலவும் இல்லை. நல்ல காலம், அந்தக் கிராமத்துக்கும் தொலைபேசி அலை வரும். தம்பியைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன். கனடாவில் அப்போது நள்ளிரவு.

"அக்கா, அது மினுங்குதோ? மினுங்கிறதை நெருப்புக்குக் கிட்டக் கொண்டுபோகாதேங்கோ. உடனே எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லுங்கோ."

மினுங்கியது துத்தநாகப் பூச்சு. துருப்பிடிக்காமலிருக்க இரும்பில் பூசுவது. துத்தநாகம் 420 பாகை அளவில் உருகிவிடும். நன்றாகக் காற்றுப்பட்டுச் சிவந்த கரியின் சூடு அதைவிட மிக அதிகம். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் சில மணித்தியாலத்தின் பின் குளிர்காய்ச்சல் போல உடம்பு நடுங்கும். வெல்டிங் வேலை செய்பவர்களுக்கு இது நன்கு தெரிந்த காய்ச்சல். எங்களில் யாருக்கும் அப்படி ஒன்றும் வரவில்லை. அன்றைய மீன் ஆறு கிலோவும் குழிக்குள் போயிற்று. சின்னக்கா கணக்குப் புத்தகத்தில் அதை நட்டம் என்று எழுதி, பக்கத்தில் என் பெயரையும் எழுதினார். சமூகவியல் படித்தவளுக்கு இரும்பு தெரியாது என்பது சங்கப் பதிவேட்டில் நிரந்தரமாக இருக்கிறது.

இரண்டாவது கூடையை வெல்டிங் கடையில் செய்வித்தோம். செய்ய விரும்பும் வாசகிகளுக்காக அளவுகளைச் சொல்கிறேன். தம்பியின் கூடை 42 சென்ரிமீற்றர் அகலம், 25 சென்ரிமீற்றர் உயரம். இரவிரவாக இறைச்சி வேகவைக்க அது வேண்டும். மீனுக்கு மூன்று நாலு மணித்தியாலம் போதும் என்பதால் எங்களுடையது 35 சென்ரிமீற்றர் அகலமும் 15 சென்ரிமீற்றர் உயரமும். வலை என்று நான் சொல்வது கம்பி பின்னியது அல்ல. இரும்புத் தகட்டைக் கீறி இழுத்து வைரக்கண் கண்ணாகத் திறந்தது; இரும்புக் கடையில் 'எக்ஸ்பாண்டட் மெற்றல்' என்றால் எடுத்துத் தருவார்கள். பூச்சு எதுவும் இல்லாத கறுப்பு இரும்பாகக் கேட்க வேண்டும். 114 சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரு பட்டி வெட்டினால், வளைத்து நாலு சென்ரிமீற்றர் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டச் சரியாக இருக்கும். அடித்தட்டுக்கும் அதே வலை. அடியில் சூட்டில் தொய்யாமலிருக்க 10 மில்லிமீற்றர் கம்பியில் ஒரு சிலுவை. அதே கம்பியில் 10 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நாலு கால்கள். வெல்டிங் இல்லாத இடத்தில் ஆணியும் நட்டும் வாஷரும் போட்டு இறுக்கலாம். அவையும் மினுங்காதவையாக இருக்கட்டும்.

கால்கள் முக்கியம். முதலில் தச்சுக்கணக்காக ஐந்து சென்ரிமீற்றர் போதும் என்று நினைத்தேன். இரண்டு தரம் எரித்ததும் சாம்பல் குவிந்து அடித்தட்டைத் தொட்டுவிட்டது. சாம்பல் தொட்ட இடத்தில் காற்றில்லை, அந்தப் பக்கத்து மீன் வேகவில்லை. கூடைக்கு ஒரு வளைந்த கைபிடியும் வைத்தோம். ஒரு கொக்கித் தடியைப் போட்டு முழுக் கூடையையும் பரலுக்குள்ளிருந்து தூக்கலாம். இந்தக் கைபிடி தம்பியின் கூடையில் இல்லாதது. பரலுக்குள் தலையைக் குனிந்து சாம்பல் அள்ளிப் பழகியவர்கள் சொல்லிச் செய்தது.

வெல்டிங் கூலியுடன் ஏறத்தாழ நாலாயிரத்து ஐந்நூறு ரூபா முடிந்தது. கரிக்குப் பிரச்சினை இல்லை. சிரட்டைக் கரி எங்கள் நாட்டில் நல்ல தரம். இங்கிருந்து ஏற்றுமதியாகி வெளிநாடுகளில் நீர் வடிகட்டும் கரியாக மாறுவதும் இதுதான். ஒன்று மட்டும்: சிரட்டைத் துண்டு மெல்லியது, வலைக் கண் பெரிதாக இருந்தால் கீழே விழுந்துவிடும். பெருவிரல் நுழையாத கண்ணாகப் பார்த்து எடுங்கள்.

மீனைக் கழுவி, குடல் செவுள் நீக்கி, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மேல் ஈரம் உலர்ந்த பிறகே உள்ளே வைப்பது. கும்பளாவும் சூரையும் நன்றாக வந்தன. முதல் ஒரு மணித்தியாலம் சூடு குறைவு, தணலின்மேல் ஈரமான பொச்சுமட்டைத் துண்டு இரண்டு மூன்று, நல்ல புகை. பிறகு துளையைத் திறந்து சூட்டை ஏற்றி, மீனின் நடுத்தசை 63 பாகைக்குக் குறையாமல் அரை மணித்தியாலம் நிற்கும்படி பார்ப்போம். தம்பி விட்டுப்போன வெப்பமானி இதற்கு உதவியது. கூடைக்கு மேலே ஒரு சாண் இடைவெளியில் ஒரு தகட்டுத் தட்டும் உண்டு. மீனின் கொழுப்பு தணலில் நேரே சொட்டினால் எழும்பும் கறுப்புப் புகையில் பென்சோபைரீன் போன்ற, புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் இருக்கின்றன. அவை மீனிலும் படியும், பக்கத்தில் நிற்பவளின் நெஞ்சிலும் படியும்.

இப்படி யோசித்தவர்கள் நாங்கள் மட்டும் அல்ல. கானா நாட்டின் தலைநகர் அக்ராவுக்கு அருகே சோர்க்கோர் என்றொரு மீனவர் குடியிருப்பு. அங்கே மீனுக்குப் புகைபோடுவது முழுக்கப் பெண்களின் தொழில். 1970 ஆம் ஆண்டளவில் அவர்களுடன் சேர்ந்து உருவாக்கப்பட்ட அடுப்பு, சோர்க்கோர் அடுப்பு என்ற பெயரில் ஆபிரிக்காவின் பல நாடுகளுக்குப் பரவியது. பிறகு 2008 இல் செனகல் நாட்டின் தியாறோயே என்ற இடத்துப் பெயரோடு வந்த புகைப்பானில் கரித்தணலுக்கென்று தனித் தட்டு, கொழுப்பு வடிய இன்னொரு தட்டு. நான் இதை வாசித்துச் சொன்னபோது சின்னக்கா, "அப்ப அங்கையும் பொம்பிளையள்தான் புகைக்குள்ளை நிண்டவையோ?" என்று மட்டும் கேட்டார்.

அந்த மாரியில் கிழமைக்கு இரண்டு தரம் பரல் எரிந்தது. பக்கத்துப் பட்டணத்தில் இரண்டு சாப்பாட்டுக் கடைகளும் ஒரு விடுதியும் வாங்கின. பெரிய இலாபம் என்று சொல்லமாட்டேன். இப்படிப் புகையூட்டி வேகவைத்த மீன் கருவாடு போல மாதக்கணக்கில் நிற்காது. ஈரம் உள்ளேயே இருக்கிறது. குளிர்ப்பெட்டி இல்லாவிட்டால் மறுநாளே கொடுத்து முடிக்க வேண்டும். நாட்கணக்கில் வைக்க வேண்டுமென்றால் அதற்குமேல் நன்றாக உலர்த்த வேண்டும். ஆனால் எறிகிற மீன் என்று சொல்லி விலை பேச வந்தவருக்கு, "இண்டைக்கு மீன் இல்லை" என்று சின்னக்கா சொல்லக்கூடியதாக இருந்தது. தணல் தன்பாட்டில் எரிய, பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிவரப் போனார்கள். ஒருத்தி தையல் வேலையை எடுத்துக்கொண்டு வந்து இருந்தாள். கண் எரியவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அதை நான் என் மாதாந்த அறிக்கையில் பெருமையாக எழுதினேன்.

அடுத்த ஆண்டு இன்னும் மூன்று பரல்கள் செய்தோம். வீட்டு வளவுகளில் வைத்துக்கொள்ளப் பயிற்சி கொடுத்தேன். நான் தயாரித்த பயிற்சிக் குறிப்பில் 14 விடயங்கள் இருந்தன. கை கழுவுதல், தலைமுடி மூடுதல், உப்பின் அளவு, பரலின் தெரிவு, மினுங்கும் வலை வேண்டாம் என்பது, கணக்கு எழுதுதல். பதினைந்தாவது ஒன்று இருந்திருக்க வேண்டும்.

2024 நவம்பர் கடைசியில் வடக்குக் கிழக்கெங்கும் பெய்த பெருமழை உங்களுக்கு நினைவிருக்கும். அதில் ஓர் இரவு, பரல் வாங்கிய ஒரு தங்கச்சி, மீன் இன்னும் உள்ளே இருக்க, மழை வலுத்ததைக் கண்டு பரலை மெதுவாகச் சரித்து இழுத்துத் தன் கொட்டிலுக்குள் வைத்துவிட்டாள். சாரல் அடிக்காமல் சுவரைச் சுற்றிப் பொலித்தீன் கட்டியிருந்தது. கதவையும் சாத்தினாள். மீனை இறக்கிய பிறகு கரி வீணாகப் போகக்கூடாது என்று துளைகளை ஏறக்குறைய அடைத்துவிட்டாள். நான் சொல்லிக்கொடுத்த சிக்கனம்தான் அது. பிள்ளைகளுக்கும் கதகதப்பாக இருந்தது. மூவரும் படுத்துவிட்டார்கள்.

காற்றுக் குறைவாக எரியும் கரியிலிருந்து காபனோரொட்சைட்டு என்ற வாயு கூடுதலாக வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. எங்கள் குருதியில் ஒட்சிசனைக் காவும் ஈமோகுளோபினுடன் அது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பலத்துடன் ஒட்டிக்கொள்ளும். ஆள் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருப்பார். உடம்புக்குள் ஒட்சிசன் போகாது. தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம், கைகால் சோர்வு. நித்திரையில் இருப்பவருக்கு இவை ஒன்றும் தெரியாமலேயே முடிந்துவிடலாம். விறகுப் புகையென்றால் கண் எரிந்து எழும்பி வெளியே ஓடியிருப்பாள். நாங்கள் அரும்பாடுபட்டு இல்லாமற் செய்தது அந்த எரிச்சலைத்தான்.

மூத்த பெடியன் சத்தியெடுத்ததனால் அவர்கள் பிழைத்தார்கள். தலை வெடிக்கிறது என்று அவன் அழுத சத்தத்தில் தாய் எழும்பினாள். முழங்கால் மடிந்து விழுந்தாள். மீன் பழுதாகி வயிற்றைக் குழப்பிவிட்டதாக்கும் என்று நினைத்தாளாம். பிள்ளைக்குக் காற்றுப் படட்டும் என்று தவழ்ந்துபோய்க் கதவைத் தள்ளித் திறந்திருக்கிறாள். அந்தக் கதவு திறந்ததுதான். பிறகு சின்னவளை இழுத்து வாசலில் போட்டுவிட்டுக் கூப்பிட்டதில் அயலவர்கள் ஓடிவந்தார்கள். பாதையில் வெள்ளம், உழவு இயந்திரத்தில் பிரதான வீதிவரை கொண்டுபோய் அங்கிருந்து வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். ஒட்சிசன் கொடுத்தார்கள். இரண்டு நாளில் மூவரும் வீடு வந்தார்கள்.

நான் பார்க்கப் போனபோது அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். "மிஸ், மழைக்குப் பயந்து உள்ளுக்கு இழுத்து வைச்சன். புகை ஒண்டும் வரேல்லை. தணல்தானே எண்டு இருந்திட்டன். உங்கடை பரலுக்கு ஒண்டும் நடக்கேல்லை." பரலுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். என்னால் அந்த வீட்டில் ஒரு வாய் தேத்தண்ணீர்கூடக் குடிக்க முடியவில்லை.

எங்கள் அலுவலகத்தில் இதை 'பயனாளியின் கவனயீனம்' என்று எழுதலாம் என்று ஓர் ஆலோசனை வந்தது. நான் அப்படி எழுதவில்லை. மாரிகாலத்துக்கென்றே ஒரு பொருளைக் கொடுத்துவிட்டு, மழை வந்தால் அதை எங்கே வைப்பது என்று சொல்லாமல் விட்டவள் நான். ஒரு கொட்டிலும் இரண்டு பிள்ளைகளும் உள்ள ஒரு பெண்ணுக்கு மழை இரவில் உள்ளே இழுப்பதைத் தவிர வேறு வழி என்ன இருந்தது என்று நான் யோசித்திருக்க வேண்டும். வீடுகளைப் பற்றிப் படித்ததுதானே என் பட்டம்.

மறுகிழமையே நாலு பரலுக்கும் வெளியில் கூரை போட்டோம். நாலு மரக்கால், மேலே நாலு தகரம், சுவர் கிடையாது. சுவர் வேண்டாம் என்பதே அதன் முழுத் தத்துவமும். வீட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, காற்று வீட்டுப்பக்கம் அடிக்காத திசையில். பரலைச் சரிக்க முடியாதபடி அடியில் இரண்டு வரிசைக் கல் அடுக்கிச் சீமெந்து பூசிவிட்டோம். வேலை முடிந்ததும் கூடையைக் கொக்கித் தடியால் தூக்கி, மிச்சத் தணலை மூடியுள்ள இரும்பு வாளியில் கொட்டி, அந்த வாளியையும் வெளியிலேயே வைப்பது. கரி மறுநாளுக்கு மிஞ்சும், சிக்கனத்துக்கும் குறைவில்லை.

இதை வாசிப்பவர்களில் புகைபோடுபவர்கள் சிலர்தான் இருப்பீர்கள். ஆனால் மலையகத்துக் குளிரில் அறைக்குள் தணற்சட்டி வைத்துப் படுப்பவர்கள் இருக்கிறீர்கள். பிள்ளை பெற்றவளின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தணலும் சாம்பிராணியும் வைக்கும் அம்மம்மாக்கள் இருக்கிறீர்கள். எரிவாயு கிடைக்காத 2022 இல் சமையலறைக்குள் கரியடுப்புக்கு மாறி, இன்னும் அதிலேயே சமைப்பவர்களும் இருக்கிறீர்கள். கதவும் யன்னலும் திறந்திருக்கட்டும்; நித்திரைக்குப் போகமுன் தணல் வெளியே போகட்டும். வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலையிடித்தால் அதைச் சாப்பாட்டின் மேல் போடாமல் முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள். பிறகு 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசு வாங்காது.

போன மாதம் கிராமத்துக்குப் போயிருந்தேன். முதற் கூடையின் அடித்தட்டு இற்றுப்போயிற்று. இரண்டு மாரி எரிந்த இரும்பு, அவ்வளவுதான் நிற்கும். புதிதாக ஒன்று செய்யவேண்டும், வெல்டிங் கடைக்கு நான் வரட்டுமா என்று கேட்டேன். அது ஏற்கெனவே செய்து வந்துவிட்டதாம். சின்னக்கா தானே ஒரு துண்டுக் கயிற்றில் அளவு முடிச்சுப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். கடைக்காரப் பெடியன் மலிவாக ஒரு வலையை எடுத்துக் காட்ட, வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது மினுங்குது. கறுப்பு எடு" என்றாராம்.

பழைய கூடையை அவர் எறியவில்லை. அடித்தட்டு இல்லாத அந்த வளையத்தைக் கிணற்றடியில் கவிழ்த்து, கோழி கிண்டாமல் ஒரு கறிவேப்பிலைக் கன்றுக்குக் காவலாக வைத்திருக்கிறார்.